ஜெயாவுக்கு, தங்கச்சிமடத்திலிருந்து

அன்புள்ள ஜெயா,

இங்கே எல்லோரும் நலம். வாடைக்காற்று தொடங்கியதும் முழங்கால் பழைய பாட்டைப் பாடுகிறது. உனக்கும் அதே பாட்டுத்தான் என்று தெரியும். எஸ்தர் மகளுக்கு வரன் அமைந்துவிட்டது. தலையணை வாத்தியார் சுகமாக இருக்கிறார், சுகமாகத் தூங்குகிறார்.

உன் பேரன் தினமும் பெரிய பெரிய ஆங்கிலச் சொற்களை மனப்பாடம் செய்கிறான் என்று பெருமையடித்திருந்தாய். செய்யட்டும். ஆனால் அவனிடம் 'ரன்' என்றால் என்னவென்று கேட்டுப் பார். 'ஓடு' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவான். ஆக்ஸ்போர்டு அகராதிக்காரர்கள் அந்த வினைச்சொல்லுக்கு மட்டும் 645 பொருள் பிரித்திருக்கிறார்கள். அந்த ஒரு பதிவைத் திருத்தி எழுத ஓர் ஆசிரியருக்கு ஒன்பது மாதம் ஆனதாம். ஒரு பிள்ளையே பெற்றுவிடலாம்! அதற்கு முன், 1989 பதிப்பில், 'செட்' என்ற சொல்தான் பெரிய நாட்டாமை. மூக்கு ஒழுகினாலும் கடை நடத்தினாலும் பஸ் விட்டாலும் 'ரன்' வந்துவிடும். தேர்தலில் இங்கிலாந்துக்காரன் நம்மைப் போல நிற்கிறான், அமெரிக்கன் ஓடுகிறான்.

நாம் மட்டும் சளைத்தவர்களா? வெயில் அடிக்கிறது, மணி அடிக்கிறது, வெள்ளை அடிக்கிறோம், அரட்டை அடிக்கிறோம். எந்தக் குழந்தையும் இதற்கு அகராதி தேடிப் போவதில்லை. இங்கே கரையில் 'பாடு எப்படி?' என்று கேட்டால் அன்றைய மீன்வரத்தைச் சொல்வார்கள். உன் மதுரையில் கேட்டால் குடும்பக் கஷ்டத்தைச் சொல்வார்கள். கேட்டுக் கேட்டுப் பழகியது. ஆங்கிலத்துக்கு அந்தப் பழக்கம் இல்லாத பிள்ளைகளிடம், ஒரு சொல்லுக்கு ஒரு பொருள் என்று அச்சடித்த கையேட்டைக் கொடுக்கிறார்கள். 'கரண்ட்' என்றால் மின்சாரம், அவ்வளவுதான். அப்பன் பாட்டன் காலத்திலிருந்து நீவாடு, அதாவது கடல் நீரோட்டம், பார்த்து வலை விடுகிற வீட்டுப் பிள்ளைக்கு, அதற்கும் ஆங்கிலத்தில் அதே சொல்தான் என்று சொல்ல ஒருவருமில்லை. எனக்கு வருகிற கோபத்தில் அந்தக் கையேட்டை...

சரி, நான் எழுத உட்கார்ந்த காரணம் வேறு. என்னிடம் டியூஷன் படிக்கும் எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தியின் அப்பா விசைப்படகில் கூலிக்குப் போனவர். எல்லை தாண்டியதாக இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போய்விட்டது. 1974-இல் போட்ட கோடு. இரவில் தண்ணீர்மேல் யாருக்குத் தெரிகிறது? போன வாரம் அங்கிருந்து தீர்ப்பு விவரம் ஆங்கிலத்தில் அவள் அம்மாவின் போனுக்கு வந்தது. இருவரும் என் வீட்டுக்கு ஓடி வந்தார்கள். வழியிலேயே அந்தப் பெண் படித்து, அம்மாவுக்குத் தைரியம் சொல்லியிருக்கிறாள்: "ஃபைன் என்று போட்டிருக்கிறது அம்மா, அப்பா நன்றாக இருக்கிறார்."

ஃபைன் விதித்திருந்தது படகு டிரைவருக்கு. லத்தீனில் 'முடிவு' என்ற ஒரே வேரிலிருந்து வந்த சொற்கள்தான் இரண்டும்: குறையில்லாமல் முடிந்தால் ஒன்று, பணம் கட்டி வழக்கை முடித்தால் இன்னொன்று. அந்த நேரத்தில் இதை யாரிடம் சொல்ல? கூலியாட்களுக்கு 'சஸ்பெண்டட் சென்டென்ஸ்'. 'சென்டென்ஸ்' என்றால் வாக்கியம் என்றுதான் நானே அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அவள் போனைக் கையில் வைத்துக்கொண்டு, முற்றுப்புள்ளி எங்கே இருக்கிறது என்று பார்ப்பவள்போல அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அம்மாவுக்கு ஒரே கேள்வி. "வருவாரா, வரமாட்டாரா டீச்சர்?" வருவார் என்றேன். சிறைத் தண்டனையை நிறுத்தி வைத்திருக்கிறார்கள், குறிப்பிட்ட வருடங்களுக்குள் மறுபடி பிடிபட்டால் உள்ளே போக வேண்டும் என்று மெதுவாக விளக்கினேன். அழுகையை நிறுத்திவிட்டு, "அப்புறம் கடலுக்கு எப்படிப் போவார்?" என்றாள். படகும் போய்விட்டது, முதலாளியும் கடனில். என்னிடம் பதில் இல்லை, ஜெயா.

அன்றோடு கையேட்டை மூட்டை கட்டிவிட்டேன். இப்போது சின்னச் சொற்கள் மட்டும்தான் நடத்துகிறேன்: சார்ஜ், கேஸ், ஃபைன், பெயில். இலக்கணம் காத்திருக்கட்டும். உன் அலமாரியில் தூங்கும் அந்தத் தடி அகராதி எனக்கு வேண்டும். பார்சலில் அனுப்பு, செலவை நான் தருகிறேன். எஸ்தரிடம் மட்டும் கொடுத்து அனுப்பாதே; ஊறுகாய் பாட்டிலின் கதை உனக்கே தெரியும்.

அன்புடன்,
மேரி