கடிபட்டவர் கதை முடிந்துவிடவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பனிமூட்டம், பழைய பங்களா, கொண்டை ஊசி வளைவு, ஒரு சிறிய மலையூர். அங்கே ஒருவரை ஏதோ கடிக்கிறது. அவர் இன்னொருவரைக் கடிக்கிறார். இடைவேளைக்குள் ஊரே வெறிபிடித்து அலைகிறது. தொற்றுநோயை வைத்து எடுக்கும் திகில் படங்களின் வாடிக்கையான கதை இது. ஊட்டி, குன்னூர், கோத்தகிரி எல்லாம் இதற்குத் தோதான இடங்கள். அதில் எங்களுக்கு வருத்தம் இல்லை. படம் எடுக்கட்டும், பார்ப்பவர்கள் பயப்படட்டும். ஆனால் கடி, எச்சில், வெறி, தண்ணீரைக் கண்டால் மிரட்சி என்று இந்தக் கதைகள் கையாள்வதெல்லாம் ரேபிஸ் என்னும் வெறிநாய்க்கடி நோயின் அடையாளங்கள். திரையில் பார்த்ததை நாளைக்குத் தெருவில் நாய் கடிக்கும்போது ஜனங்கள் நினைத்துக்கொள்வார்கள். எங்கள் கவலை அங்கேதான்.

இந்தப் படங்களில் இரண்டு காட்சிகள் தவறாமல் வரும். கடிபட்டவனைப் பார்த்து ‘இவன் கதை முடிந்தது’ என்று கூட இருப்பவர்களே ஒதுங்குவது ஒன்று. கடைசியில் நாயகன் பெட்டியில் கொண்டுவரும் ஊசியைப் போட்டதும், வெறிபிடித்தவர் கண் தெளிந்து எழுந்து உட்காருவது இன்னொன்று. உண்மை இரண்டுக்கும் நேர்மாறானது. கடிபட்டவுடன் முறையாகச் சிகிச்சை எடுத்தால் ஏறக்குறைய எப்போதும் பிழைக்கலாம். அறிகுறி தொடங்கிய பிறகோ தடுப்பூசியும் பலிக்காது, நோய் எதிர்ப்புப் பொருளை நேரடியாகத் தரும் சீரம் என்ற மருந்தும் பலிக்காது. பிழைத்தவர்கள் உலகிலேயே மிகச் சிலர்தான்.

காரணம் கிருமி போகும் வழி. ரேபிஸ் கிருமி ரத்தத்தில் பாய்வதில்லை. கடித்த இடத்துத் தசையில் தங்கி, நரம்பைப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்ல மூளையை நோக்கி ஏறுகிறது. பெரும்பாலும் இதற்கு இரண்டு மூன்று மாதம் ஆகும். ஒரு வாரத்திலும் வரலாம், ஒரு வருடமும் எடுக்கலாம். முகம், கழுத்து, விரல் நுனி போன்ற இடங்களில் கடித்தால் ஆபத்து அதிகம், அவகாசமும் குறையலாம். படம் ஒரு நிமிடத்தில் முடித்துவிடும் இந்த அவகாசத்தில்தான் உயிரைக் காப்பாற்றும் வேலை அத்தனையும் நடக்கிறது.

முதல் வேலை கழுவுவது. சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில், முழுதாக 15 நிமிடம். இந்தக் கிருமியின் மேலுறை கொழுப்பால் ஆனது. சோப்பு அதைக் கரைத்துக் கிருமியைச் செயலிழக்கச் செய்கிறது. மலைக்குளிரில் ஐஸ் போல வரும் குழாய்த் தண்ணீரில் ஒரு நிமிடத்திலேயே கையை இழுத்துக்கொள்வார்கள். வெதுவெதுப்பான தண்ணீரே போதும். குழாயில் தண்ணீர் வராத நாளில் குடத்திலிருந்து மொண்டு மொண்டு ஊற்றலாம். கழுவிய பின் போவிடோன் அயோடின் என்ற கிருமிநாசினி தடவலாம். மஞ்சள், காப்பித்தூள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதையும் அப்பக்கூடாது. அவை காயத்தை எரித்து, சிகிச்சையைத் தாமதப்படுத்தும். திரையில் நாயகி சேலையைக் கிழித்துக் காயத்தை இறுகக் கட்டுகிறாள், அல்லது யாரோ ஊசி நூல் எடுத்துத் தைக்கிறார்கள். இரண்டும் தவறு. தைப்பதால் கிருமி நரம்புக்குள் இன்னும் ஆழமாகப் போக வாய்ப்பு உண்டு. தைத்தே ஆக வேண்டிய பெரிய காயம் என்றால், முதலில் சீரம் செலுத்திவிட்டுத் தளர்வாக ஒன்றிரண்டு தையல் போடுவார்கள்.

அடுத்து ஊசி. தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்ற வசனத்தை இன்னமும் விடாமல் எழுதுகிறார்கள். அது ஆட்டு மூளையிலிருந்து தயாரித்த பழைய மருந்து. 2004 இறுதியோடு நம் நாட்டில் அதன் தயாரிப்பே நின்றுவிட்டது. 1907 முதல் குன்னூரில் சிம்ஸ் பூங்காவுக்கு அருகே இயங்கிவரும் பாஸ்டியர் நிறுவனமும் அந்தக் காலத்தில் ஆட்டு மூளை மருந்து தயாரித்ததுதான். பிறகு வீரோ செல்கள் எனப்படும், ஆய்வகத்தில் வளர்க்கும் குரங்குச் செல்களில் பெருக்கிய கிருமியிலிருந்து தடுப்பூசி செய்யும் முறைக்கு மாறியது. அந்தப் பூங்காவில் படப்பிடிப்பு நடத்தியவர்கள் பலர். கதை எழுதுபவர்கள் சாலையைக் கடந்துபோய்க் கேட்டிருந்தால் அந்த வசனம் எப்போதோ ஒழிந்திருக்கும். ஊசிக்குப் பயந்து ஆஸ்பத்திரிக்கு வராமல் இருப்பவர்களை நினைத்தால் இது சின்ன விஷயம் இல்லை.

இப்போது தோலுக்குள் போடும் முறையில் ஒவ்வொரு முறையும் 0.1 மில்லி வீதம் இரண்டு புஜத்திலும் போடுகிறார்கள்: கடிபட்ட அன்று, பிறகு 3, 7, 28-ஆம் நாட்களில். தசையில் போடுவதானால் 0, 3, 7, 14, 28. பிட்டத்தில் போடக்கூடாது, அங்குள்ள கொழுப்பில் மருந்து தங்கிப் பலன் குறையும். மூன்றாவது ஊசியோடு காயம் ஆறிவிட்டது என்று நின்றுவிடுவதும், நாயைப் பத்து நாள் பார்த்துவிட்டு ஊசி போடலாம் என்று காத்திருப்பதும் அடிக்கடி நடக்கும் தவறுகள். ஊசியை அன்றே தொடங்க வேண்டும். நாயையும் பார்க்கலாம், பத்து நாளும் அது நலமாக இருந்தால் மீதி ஊசி தேவையா என்று மருத்துவர் முடிவு செய்வார். குரங்கு கடித்தாலும் ஊசி உண்டு. தின்பண்டம் நீட்டிக் கடி வாங்கும் சுற்றுலாப் பயணிகளுக்கு இது தெரிவதில்லை.

ரத்தம் வரும் ஆழமான காயத்துக்குத் தடுப்பூசி மட்டும் போதாது. ஊசி போட்டு உடல் எதிர்ப்புச் சக்தி உண்டாக்க ஒன்றிரண்டு வாரம் ஆகும். அந்த இடைவெளியை அடைக்கத்தான் சீரம். குதிரைச் சீரம் என்றால் உடல் எடையில் கிலோவுக்கு 40 யூனிட். 50 கிலோ எடை உள்ளவருக்கு 2000. அதைக் காயத்துக்குள்ளும் காயத்தைச் சுற்றியும் செலுத்த வேண்டும். முதல் ஊசி போட்டு ஏழு நாள் கடந்துவிட்டால் சீரம் தேவைப்படாது. நாயகன் ஐஸ் கட்டிமேல் நேராக வைத்துத் தூக்கி ஓடுகிறானே, அந்த மருந்து வழியிலேயே கெட்டுப்போயிருக்கும். 2 முதல் 8 டிகிரிக்குள் வைத்துக் கொண்டுபோக வேண்டியது. சீரம் உறையவே கூடாது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ரேபிஸ் வந்தவர் பார்க்கிறவரையெல்லாம் துரத்திக் கடிக்கும் பிசாசு அல்ல. தண்ணீர் குடிக்கப் போனாலோ, காற்று முகத்தில் பட்டாலோ தொண்டைத் தசை இழுத்துக்கொள்ளும். தாகம் இருக்கும், குடிக்க முடியாது. இழுப்பு விட்ட இடைவெளியில் வீட்டாரை அடையாளம் கண்டு பேசுபவர்களும் உண்டு. மனிதர் கடித்து மனிதருக்கு ரேபிஸ் வந்ததாக இதுவரை உறுதிப்படுத்தப்படவில்லை. உறுப்பு மாற்று சிகிச்சை மூலம் பரவியதுதான் உறுதியானது. எச்சில் கண்ணிலோ வாயிலோ காயத்திலோ பட்டிருந்தால் உடன் இருந்தவரும் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். அதைத் தாண்டி நோயாளியைக் கட்டிப்போடவும் வேண்டாம், பராமரித்த குடும்பத்தை ஊர் ஒதுக்கவும் வேண்டாம்.

ஊர் முழுக்கப் பரவும் நோய்தான் கதைக்கு வேண்டுமென்றால், ஒரு நிமிடத்தில் வெறி பிடிக்கும் நோய் உதவாது. மேட்டுப்பாளையம் பேருந்து பர்லியாரைத் தொடுவதற்குள் நோயாளி அடையாளம் தெரிந்துவிடுவார். பயப்பட வேண்டியது தட்டம்மை போன்றவற்றுக்கு. தடிப்பு தெரிவதற்கு 4 நாள் முன்பே பரவத் தொடங்கும். நோயாளி எழுந்துபோன அறையின் காற்றில் கிருமி 2 மணி நேரம் வரை இருக்கும். குளிருக்காகச் சன்னலைச் சாத்திவைக்கும் நம் வீடுகளும் வகுப்பறைகளும் அதற்கு வசதி. நிபா வைரஸ் நோயும் ஏமாற்றும். உடலுக்குள் புகுந்து அறிகுறி காட்ட 4 முதல் 14 நாள் எடுக்கும் என்பதால், கேரள எல்லையிலுள்ள நாடுகாணி சோதனைச் சாவடியில் காய்ச்சல் பார்க்கும் கருவியை மட்டும் வைத்து அதைப் பிடிக்க முடியாது. 2018-இல் கோழிக்கோட்டில் அதை அடக்க, நோயாளியோடு பழகியவர்களைப் பட்டியலிட்டு 21 நாள் கண்காணித்தது பெரிய காரணம். படத்தில் வருவதுபோல ஒரு மண்சரிவில் ஊட்டியைத் துண்டிப்பதும் நடக்காது: குன்னூர், கோத்தகிரி, கல்லட்டி, கூடலூர், மஞ்சூர் என்று ஐந்து வழிகள். தெருவில் அடிக்கும் வெள்ளைப் புகை கொசுவைக் கொல்லும், கிருமியை அல்ல.

இயக்குநர்களிடமும் திரையரங்கு உரிமையாளர்களிடமும் ஒரு கோரிக்கை. புகைபிடிக்கும் காட்சிக்கு எச்சரிக்கை வாசகம் போடுகிறீர்கள். கடிக்கும் காட்சி உள்ள படத்தில் இடைவேளைக்கு முன் இந்த நான்கு வரியையும் போடுங்கள்: ‘நாய், பூனை, குரங்கு கடித்தால் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். அன்றே அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போங்கள். எல்லா ஊசியையும் போட்டு முடியுங்கள். ஐயம் இருந்தால் 104-ஐ அழையுங்கள்.’

இப்படிக்கு,
பொதுச் சுகாதாரப் பணியாளர்கள் சிலர்,
குன்னூர், நீலகிரி மாவட்டம்.