நம்ம ஒன்றியப் பள்ளிக்கூடத்துக் கழிப்பறைக்கும் தண்ணீருக்கும் உதவி கேட்கிறோம்

ஊரில் இருப்பவர்களுக்கும், திருப்பூர், சென்னை, துபாய், சிங்கப்பூர் என்று பிழைக்கப் போயிருக்கும் பழைய மாணவர்களுக்கும் பள்ளி மேலாண்மைக் குழுவின் வணக்கம்.

நேராகவே விஷயத்துக்கு வருகிறோம். பெண் பிள்ளைகளின் கழிப்பறையில் கதவுகள் அடிப்பக்கம் துருப்பிடித்து அரித்துவிட்டன, தாழ்ப்பாள் விழுவதில்லை, உள்ளே போகும் பிள்ளைக்கு இன்னொரு பிள்ளை வெளியே நின்று கதவைப் பிடித்துக்கொள்கிறது. மேல்தொட்டி விரிசல் விட்டுப் பாதிக்கு மேல் தண்ணீர் நிற்பதில்லை, மோட்டாரும் அடிக்கடி காயில் எரிந்து நின்றுபோகிறது. ஏழாவது, எட்டாவது படிக்கும் பிள்ளைகள் சாயங்காலம் வீட்டுக்குப் போகும்வரை தண்ணீரே குடிப்பதில்லை. தீட்டு நாட்களில் லீவு போட்டுவிடுகிறார்கள். குழுவில் இருக்கும் அம்மாக்கள் இதைச் சொன்னபோது எங்களுக்கு மனசே ஆறவில்லை.

அரசுப் பள்ளிதானே, அரசாங்கம் கொடுக்காதா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆசிரியர் சம்பளம் மாநில அரசிடமிருந்து வருகிறது, புத்தகம், சீருடை, சத்துணவு, ஐந்தாவது வரை காலை உணவு எல்லாம் வருகிறது, அதில் குறை சொல்ல மாட்டோம். 2025-26 பட்ஜெட்டில் பள்ளிக் கல்விக்கு மாநில அரசு 46,767 கோடி ரூபாய் ஒதுக்கியது. ஆனால் சாக்பீஸ், பதிவேடு, விளக்குமாறு, பினாயில், குழாய் ரிப்பேர் என்று அன்றாடம் ஆகிற செலவுக்குத் தனியாகப் பள்ளி மானியம் என்று ஒன்று உண்டு, அது சமக்ர சிக்‌ஷா எனும் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்திலிருந்து வருவது. அந்தத் திட்டத்தில் நூற்றுக்கு அறுபது ரூபாய் ஒன்றிய அரசுடையது, நாற்பது மாநில அரசுடையது.

மானியம் தலைக்கணக்குப்படிதான். 30 பிள்ளைகள் வரை ஆண்டுக்கு 10,000 ரூபாய், 100 வரை 25,000, 250 வரை 50,000. நம் பள்ளியில் நூற்றுச் சொச்சம் பேர்தான் இருக்கிறார்கள். கழிப்பறை சரியில்லை என்று நாலு வீட்டார் பிள்ளைகளை வேனில் ஏற்றித் தனியார் பள்ளிக்கு அனுப்பினால் எண்ணிக்கை நூறுக்குக் கீழே போய்விடும், மானியம் அப்படியே பாதியாகும். கூரையும் தொட்டியும் கழிப்பறையும் மட்டும் பாதியாகச் சுருங்காது அல்லவா? அப்புறம் அடுத்த ஆண்டு இன்னும் நாலு பேர் போவார்கள். எங்களுக்கு இருக்கிற பெரிய பயம் இதுதான்.

இதற்கு நடுவில்தான் 2024-25இல் அந்தத் திட்டத்துக்குத் தமிழ்நாட்டுக்கு வரவேண்டிய 2,152 கோடி ரூபாயை ஒன்றிய அரசு விடுவிக்காமல் நிறுத்தியது. ஒன்றிய அரசின் மாதிரிப் பள்ளித் திட்டமான பிஎம் ஸ்ரீக்கான ஒப்பந்தத்தில் மாநிலம் கையெழுத்துப் போடவில்லை என்பதுதான் காரணம். போட்டால் தேசியக் கல்விக் கொள்கையை ஏற்றதாகும் என்று மாநிலம் மறுத்தது, 2025 மே மாதம் உச்ச நீதிமன்றத்துக்கும் போனது. மாநில அரசு சொந்த நிதியிலிருந்து சமாளித்தது உண்மை. ஆனால் மேலே இப்படி இழுபறி நடக்கும்போது முதலில் தள்ளிப்போவது சம்பளம் இல்லை, இந்த மாதிரிச் சின்ன ரிப்பேர் வேலைகள்தான். கொள்கைச் சண்டையில் யார் பக்கம் நியாயம் என்பதில் எங்கள் குழுவுக்குள்ளேயே ஆளுக்கொரு கருத்து உண்டு. பிள்ளைகளின் பணத்தைப் பிடித்து வைத்தது தப்பு என்பதில் மட்டும் ஒரே கருத்து.

ஆண், பெண்ணுக்குத் தனித்தனிக் கழிப்பறையும் நல்ல குடிநீரும் 2009 கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளியில் இருந்தே ஆகவேண்டியவை. நன்கொடை கேட்பதால் அரசை விட்டுவிட்டோம் என்று நினைக்காதீர்கள். தீர்மானம் போட்டு மனு கொடுத்திருக்கிறோம், கிராம சபையிலும் மறுபடி எழுப்புவோம். ஆனால் அதுவரை பிள்ளைகளைத் தாகத்தோடு உட்கார வைக்க முடியாது.

கொத்தனாரும் பிளம்பரும் வந்து பார்த்து, கதவு, டைல்ஸ், புதுத் தொட்டி, மோட்டார், நாப்கின் எரிக்கும் இயந்திரம் எல்லாம் சேர்த்து இரண்டரை லட்சம் ஆகும் என்றார்கள். நூறு ரூபாயும் சரி, பத்தாயிரமும் சரி, முடிந்ததைக் கொடுங்கள். சிமெண்ட், மணல், குழாய் என்று பொருளாகவும் தரலாம். ஊரில் இருக்கிற பெயிண்டர், எலக்ட்ரீஷியன் தம்பிகள் ஒரு நாள் வேலை செய்து கொடுத்தாலும் அதையும் நன்கொடையாகவே எழுதிக்கொள்வோம்.

பணத்தைத் தனி ஆள் கையில் தரவேண்டாம். குழுவின் வங்கிக் கணக்கில் மட்டும் போடுங்கள், தலைவரும் தலைமை ஆசிரியரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டால்தான் எடுக்க முடியும். கணக்கு எண் பள்ளி அறிவிப்புப் பலகையிலும் பழைய மாணவர்கள் வாட்ஸ்அப் குழுவிலும் இருக்கிறது. ஒவ்வொரு பில்லும் அதே பலகையில் ஒட்டப்படும். காலாண்டு விடுமுறையில் வேலையை ஆரம்பிக்க வேண்டும் என்பதால் அதற்குள் அனுப்பினால் உதவியாக இருக்கும்.