பட்டை ஸ்கேனும் முழு மூளையும்

அன்புள்ள சேகர்,

உன் மெயில் வந்த வாரம் அக்கா மகளுக்கு வளைகாப்பு. பதில் போட இன்றுதான் உட்கார முடிந்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சீரியலில் யார் கட்டியிருப்பது என்ன கலர் புடவை என்று இப்போது எனக்கே சொல்கிறாள்.

சரி, உன் மாணவியின் எம்.ஆர்.ஐ. படங்களில் ஹிப்போகாம்பஸ் (நினைவுக்கான மூளைப் பகுதி) ஏன் இழுபட்டுத் தெரிகிறது என்று கேட்டிருந்தாய், அதற்கு வருகிறேன். ஹிப்போகாம்பஸ் நுணுக்கமாகத் தெரிய வேண்டுமென்று காதுப் பக்கத்து மூளையான டெம்போரல் லோபை ஒட்டி மட்டும் மெல்லிய ஸ்லைஸ்கள் (குறுக்குவெட்டுப் படங்கள்) எடுத்திருக்கிறீர்கள். அதில் தப்பில்லை. ஆனால் அந்த ஸ்லைஸ்கள் சேர்ந்த பட்டையை நேரே எம்.என்.ஐ.152 டெம்ப்ளேட்டில் (எல்லோர் மூளையையும் ஒப்பிட வைத்திருக்கும் மாதிரி மூளைப் படம்) பொருத்தப் பார்த்திருக்கிறாள். எஃப்.எஸ்.எல். மென்பொருளில் படங்களைப் பொருத்தும் கருவியான ஃப்ளர்ட்டிடம் 12 டி.ஓ.எஃப். (படத்தை எத்தனை விதமாக மாற்றலாம் என்ற எண்ணிக்கை) கொடுத்தால் நகர்த்தும், திருப்பும், நீட்டும், சாய்க்கும். பட்டைக்கு வெளியே ஸ்கேன் எடுக்கவில்லையா, அங்கே மூளையே கிடையாதா என்று அதற்கு எப்படித் தெரியும்? தோளில் போடும் துண்டை இழுத்து இழுத்து உடம்பு முழுக்கப் போர்த்தப் பார்க்கிறது. ஹிப்போகாம்பஸ் உச்சந்தலையைப் பார்த்து நீண்டிருப்பது அதனால்தான்.

அடுத்த ஆளிலிருந்து, பட்டை எடுக்கும் அதே செஷனில், முழு மூளைக்கும் ஒரு ஃபங்ஷனல் ஸ்கேன் (மூளை இயங்குவதைப் பதிவது) எடுக்கச் சொல். நாலைந்து வால்யூம், அதாவது நாலைந்து முழுப் படம், போதும். படத்தின் நெளிவைத் தீர்மானிக்கும் ஸ்கேனர் அமைப்புகளான ஃபேஸ் என்கோடிங் திசையும் எக்கோ ஸ்பேசிங்கும் மாறக்கூடாது. அப்போதுதான் காதுப் பக்கத்து நெளிவு இரண்டிலும் ஒன்றுபோல இருக்கும். முதலில் பட்டையை இந்த முழு மூளை ஸ்கேனுக்குப் பொருத்து. ஒரே ஆளின் தலைதானே, நீட்டலுக்கு அங்கே வேலையில்லை: 6 டி.ஓ.எஃப். போதும், ஸ்லைஸ் ரொம்பக் குறைவென்றால் வெறும் நகர்த்தல், 3. அப்புறம் இதை அவருடைய டி1 படத்துக்கு (மூளையின் அமைப்பு தெளிவாகத் தெரியும் எம்.ஆர்.ஐ.), டி1-ஐ டெம்ப்ளேட்டுக்கு. இந்த மூன்று பொருத்தலின் மேட்ரிக்ஸையும் (மாற்றத்தைச் சொல்லும் எண் அட்டவணை) பெருக்கிவிட்டுக் கடைசியில் ஒரே தடவை ரீசாம்பிள் செய்யட்டும், அதாவது படத்தைப் புதிய கட்டங்களில் மறுபடி கணக்கிடட்டும். படிக்குப் படி செய்தால் படம் மங்கும். மெல்லிய ஸ்லைஸுக்குப் பட்ட பாடெல்லாம் வீண்.

ஏற்கெனவே எடுத்தவர்களுக்கு? தலை அசையாமல் இருந்திருந்தால் படக் கோப்பின் முன்குறிப்பான ஹெடரிலுள்ள ஸ்கேனர் ஆயங்களே (இடத்தைக் குறிக்கும் எண்கள்) நல்ல தொடக்கம். கருவி தானாகத் திசை தேடுவதை அணைத்துவிட்டு, அங்கிருந்து பி.பி.ஆர். என்ற பொருத்தலை ஓட்டிப் பார். கிரீவும் ஃபிஷலும் 2009-இல் கொண்டுவந்த முறை. சாம்பல், வெள்ளைப் பொருள்களின் எல்லைக்கோட்டைப் பிடித்துப் பொருத்துவதால் ஒற்றை ஸ்லைஸைக்கூடச் சமாளிக்கும்.

டெம்ப்ளேட்டையும் வேதவாக்காக எடுத்துக்கொள்ளாதே. 152 பேரின் சராசரிதான், அதுவும் சாதாரண மூளையைவிடக் கொஞ்சம் பெரிசு. 1988-இல் வந்த மூளை வரைபடமான தாலைராக் அட்லஸ், அறுபது வயது பிரெஞ்சுப் பெண் ஒருவரின் மூளையை வைத்து வரைந்தது. அதற்கு இது எவ்வளவோ தேவலை.

இன்னொன்று. ஆளுக்கு ஆள் பட்டை கொஞ்சம் மேலே கீழே விழுந்திருக்கும். ஒருவரிடம் இல்லாத வாக்ஸல் (படத்தின் முப்பரிமாணப் புள்ளி), எல்லோரையும் சேர்த்துப் பார்க்கும் குரூப் அனாலிசிஸில் எல்லாருக்குமே போய்விடும். எல்லோருடைய மாஸ்க்கையும் (யாருக்கு எங்கே ஸ்கேன் விழுந்தது என்று காட்டுவது) கூட்டி ஒரு படமாகப் பார்த்துவிட்டு அப்புறம் புள்ளிவிவரத்தில் கை வைக்கச் சொல். அந்தப் படத்தை எனக்கும் அனுப்பு. ஹிப்போகாம்பஸ் ஓரம் யாருக்காவது வெட்டுப்பட்டிருந்தால் அவரைச் சேர்ப்பதா விடுவதா என்று போனில் பேசிக்கொள்வோம். ஞாயிற்றுக்கிழமை மதியம் சும்மாதான் இருப்பேன்.

அன்புடன்,
ரவி