பிபி ஏறுறத விட இறங்குறதுதான்டி எனக்குப் பயம்

அன்புள்ள கீதா,

உன் லெட்டர் வந்துச்சு. பொண்ணுக்கு வேலை கிடைச்சதுல எனக்கு அவ்ளோ சந்தோஷம்டி, அவகிட்ட நான் சொன்னேன்னு சொல்லு. இங்க எல்லாரும் நல்லா இருக்கோம், எனக்குத்தான் நைட் ட்யூட்டி கொஞ்சம் ஜாஸ்தி.

அப்பாவோட இடுப்பு ஆபரேஷன் பத்தி எழுதியிருந்தியே, உள்ள இருக்கறப்போ பிபி ஏறி ஹார்ட்டுக்கு ஏதாவது ஆயிடுமோன்னு. நியாயமான பயம்தான். ஆனா தியேட்டர்ல மயக்கம் குடுத்துட்டு மானிட்டரையே பாத்துட்டு இருக்கற எனக்கு, ஏறுறத விட இறங்குறதுதான் பயம். புரோபோஃபால்ங்கற மயக்க மருந்து போட்டதும் ரத்தக்குழாய் எல்லாம் தளந்துடும், கத்தி வைக்க இன்னும் நேரம் இருக்கும், வலியும் இல்ல, அந்த இடைவெளியிலதான் பிபி நிறைய பேருக்கு சரியுது. முதுகுல ஊசி போட்டு மரத்துப்போக வச்சாலும் இறங்கும்.

ஹார்ட் சுருங்கறப்போ அதோட சதைக்குள்ள ஓடுற குழாய்களும் நசுங்கிடும், அதனால இடது பக்கத்துக்கு ரத்தம் பெரும்பாலும் அது விரியற நேரத்துலதான் போய்ச் சேரும். அந்த நேரத்துல தள்ளிவிடறது பிபியோட கீழ் நம்பர். அது விழுந்து, கூடவே துடிப்பும் வேகமாச்சுன்னா விரியற நேரமும் சுருங்கிடும், வயசானவங்க ஹார்ட்டுக்கு இதவிடக் கெட்டது கம்மி.

நாங்க பாக்கறது சராசரி அழுத்தம், கீழ் நம்பர ரெண்டு தடவையும் மேல் நம்பர ஒரு தடவையும் கூட்டி மூணால வகுத்தா வரும், 120/80ன்னா சுமார் 93. அது 65க்குக் கீழ போகக்கூடாதுன்னு பொதுவா வச்சிருக்கோம், எவ்ளோ நேரம் கீழயே கிடந்துச்சுங்கறதும் முக்கியம். ஆனா அப்பா மாதிரி வழக்கமாவே 150/85ல இருக்கறவருக்கு சராசரியே 107 கிட்ட, அவருக்கு 65ங்கறது பாதாளம்டி. 2017ல பிரான்ஸ்ல ஒரு ஆய்வு, மேல் நம்பர அவங்கவங்க வழக்கமான அளவுல இருந்து 10 சதவீதத்துக்குள்ள நிறுத்தினப்போ உறுப்புகள் பாதிக்கறது கொறஞ்சுது, 52 சதவீதம் இருந்தது 38 ஆச்சு. அப்புறம் 2022ல ஏழாயிரம் பேருக்கு மேல வச்சு பண்ணின பெரிய ஆய்வுல பிபிய கொஞ்சம் தூக்கி வச்சாலும் பெரிய வித்தியாசம் தெரியல. ரெண்டையும் படிச்சப்புறமும் நான் ஆளுக்கு ஏத்த மாதிரி பாக்கறதுதான் சரின்னு நம்பறேன்.

ஹார்ட்டக் காப்பாத்தறோம்னு பிபியையும் துடிப்பையும் மருந்தால அடக்கறதும் ஆபத்து. 2008ல எட்டாயிரம் பேருக்கு மேல ஒரு ஆய்வு, ஆபரேஷனுக்குக் கொஞ்ச நேரம் முன்னாடி துடிப்பையும் பிபியையும் கொறைக்கற மெட்டோப்ரோலால் மாத்திரைய புதுசா ஆரம்பிச்சாங்க. ஹார்ட் அட்டாக் கொறஞ்சுது, ஆனா சாவும் ஸ்ட்ரோக்கும் கூடிடுச்சு, அதுக்கு ஒரு முக்கியக் காரணம் பிபி கீழ போனது. ஆனா ஏற்கனவே அந்த மாத்திரை சாப்பிடறவங்க அதத் திடீர்னு நிறுத்தவே கூடாது, அப்பா சாப்பிடறாரான்னு பாரு.

டெல்மிசார்டன் மாதிரி பிபி மாத்திரைய முன்னாடியே நிறுத்தணுமான்னு கேட்டிருந்த. 2024ல வந்த ஆய்வுல நிறுத்தினவங்களுக்கும் தொடர்ந்தவங்களுக்கும் பின்னாடி வந்த சிக்கல்ல வித்தியாசம் இல்ல, தொடர்ந்தவங்களுக்கு தியேட்டர்ல பிபி இறங்கறது மட்டும் அதிகம். அதனால அங்க மயக்கம் குடுக்கற டாக்டர் சொல்றபடி செய், நீயா முடிவு பண்ணாத.

நீ செய்ய வேண்டியது, ஒரு வாரம் காலையிலயும் சாயங்காலமும் வீட்ல பிபி பாத்து எழுதி வை. ஆஸ்பத்திரில பதட்டத்துல எடுக்கற ஒரு நம்பர வச்சு அவரோட வழக்கம் என்னன்னு யாராலயும் சொல்ல முடியாது, உன் பேப்பர் அங்க இருக்கற டாக்டருக்கு அவ்ளோ உதவும். ஆபரேஷன் அன்னைக்குக் காலையில மேல் நம்பர் 165 காட்டினா பதறாத, பொதுவா 180/110ஐ தாண்டினாத்தான் தள்ளிப் போடலாமான்னு யோசிப்பாங்க.

இன்னொன்னு. ஆபரேஷன் முடிஞ்ச முதல் ரெண்டு நாள்லதான் ஹார்ட் பாதிப்பு பெரும்பாலும் தெரியவரும், வலி மருந்து ஓடறதால முக்காவாசிப் பேருக்கு நெஞ்சு வலியே இருக்காது. அதனால ஹார்ட் சதை பாதிச்சிருக்கான்னு காட்டற ட்ரோபோனின் ரத்த டெஸ்ட் எடுப்பீங்களான்னு கூச்சப்படாம கேளு, அப்பா வயசுக்கு அது தேவை.

தேதி முடிவானதும் சொல்லு, மாத்திரைப் பேர்லாம் எழுதி போட்டோ எடுத்து அனுப்பு, பாத்துட்டு டாக்டர்கிட்ட என்னென்ன கேக்கணும்னு எழுதறேன்.

அன்புடன்,
உன் வசந்தி