ஹெட்டில் விரிசல் என்றால் காயலான் கடைதானா?

ஆசிரியர் அவர்களுக்கு,

பழைய கார் அணிவகுப்பு பற்றிய உங்கள் ஞாயிறு கட்டுரையில், சிலிண்டர் ஹெட் (எஞ்சின் சிலிண்டர்களின் மேல்மூடி) விரிசல் விட்டால் அந்த எஞ்சினின் கதை முடிந்தது என்று ஒரு வரி பார்த்தேன். அம்பத்தூரில் லேத் பட்டறை வைத்திருக்கிறவன் நான். அதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

சோழவரம் ஓடுதளத்தில் பந்தயம் நடந்த காலத்து ஃபியட் 1100 எஞ்சினை எடுத்துக்கொள்ளுங்கள். 1,089 சி.சி., சிலிண்டர்கள் இருக்கும் பிளாக் வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம். ரேடியேட்டரில் தண்ணீர் வற்றி ஒருமுறை நன்றாகச் சூடேறினால் போதும், இரண்டு வால்வு சீட்டுகளுக்கு (வால்வு வந்து உட்காரும் வளையங்கள்) நடுவிலோ, புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் சீட்டிலிருந்து ஸ்பார்க் பிளக் துளைப் பக்கமாகவோ மயிரிழைக் கோடு விழும். உலோகம் அங்கேதான் மெல்லிசு, சூடும் அங்கேதான் அதிகம்.

காற்று படாமல் ஆர்கான் வாயு சூழப் பற்றவைக்கும் ஆர்கான் வெல்டிங்கில் இதைச் சரிசெய்யலாம். ஆனால் வெல்டிங்குக்கு முந்தைய வேலையில்தான் ஆட்கள் அவசரப்படுகிறார்கள். இரும்பு ஹெட்டை ஊறப்போடும் காஸ்டிக் சோடாத் தொட்டியிலேயே அலுமினியத்தையும் போட்டுவிடுவார்கள். காஸ்டிக் அலுமினியத்தையே தின்றுவிடும். எண்ணெய்ப் பிசுக்கை வேறு வழியில் போக்கி, சீட்டைக் கழற்றி, விரிசலுக்குள் ஊறிக் காட்டிக்கொடுக்கும் சாயத்தை (டை) அடித்துப் பார்த்தால் கண்ணுக்குத் தெரிந்ததைவிட விரிசல் நீளமாக ஓடியிருக்கும். அதன் இரண்டு முனையும் கிடைக்கும்வரை குடைந்து எடுக்க வேண்டும். அப்புறம் ஹெட் முழுவதையும் 200 டிகிரி அளவுக்குச் சூடாக்கி, சிலிக்கான் கலந்த அலுமினியக் கம்பியால், திசை மாறி மாறிப் பாயும் ஏ.சி. கரண்டில் பற்றவைக்க வேண்டும். அலுமினியம் 660 டிகிரியில் உருகிவிடும். அதன் மேல் படிந்திருக்கும் ஆக்சைடு 2,000 டிகிரி தாண்டினாலும் அசையாது. அந்தப் படலத்தை உடைக்கத்தான் ஏ.சி. கரண்ட். பற்றவைத்ததும் காற்றில் வைக்காமல், போர்த்தி மெல்ல ஆறவிட வேண்டும்.

வால்வு சீட்டைத் திரும்ப இறக்கும்போது ஹெட்டைச் சூடாக்கி, சீட்டைக் குளிரவைத்து இறக்குவதுதான் முறை. சுத்தியலால் அடித்தால் பற்றவைத்த இடமே மறுபடி விரிசல் விடும்.

இந்த எஞ்சினை ரேஸ் பதத்துக்குக் கட்டுகிறவர்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. ஒரு சிலிண்டருக்கு 272 சி.சி. கொள்ளளவு. அதில் 9-க்கு 1 காம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் கலவை அமுங்கும் விகிதம்) வேண்டுமானால், ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் வைக்கும் கேஸ்கெட்டின் கனத்தையும் சேர்த்து மேலே 34 சி.சி. இடம் இருக்க வேண்டும். வெல்டிங்கில் ஹெட் கோணியதால் அடிப்பரப்பைச் சீவிச் சமமாக்கும் ஃபேசிங் போட்டே ஆகவேண்டும், அதில் இந்த இடம் குறையும். ஹெட்டில் உள்ள நான்கு எரி அறையையும் பியூரெட் (அளவுக்கோடு போட்ட கண்ணாடிக் குழாய்) வைத்து அளந்து சமப்படுத்தாமல் ஹெட்டை ஏற்றுவது வீண் வேலை.

அம்பாசிடரின் வார்ப்பிரும்பு ஹெட்டுக்கு இந்த வழி சரிவராது. அதைத் துளையிட்டு, மரையாணியால் தைத்து அடைப்பார்கள். அது தனிக் கலை.

ஹெட்டைக் கொடுக்கிற வாசகர்கள் கூலியைக் கேட்கும் முன் பிரஷர் டெஸ்ட் உண்டா என்று கேட்கட்டும். தண்ணீர் வழிகளை அடைத்து, உள்ளே காற்றை ஏற்றி, சுடுதண்ணீரில் முக்கிப் பார்ப்பதுதான் அது. பச்சைத் தண்ணீரில் குமிழி விடாத விரிசல்கூடச் சூட்டில் வாய் திறக்கும். வெல்டிங்குக்கு முன்னும் பின்னும் இதைச் செய்யாத இடத்தில் கொடுக்க வேண்டாம்.

மற்றபடி, ஹெட்டைப் பிளாக்கோடு இறுக்கும் ஸ்டட் ஆணியின் துளைவரை ஓடிய விரிசலையும், பலமுறை ஃபேசிங் போட்டு மெலிந்துபோன ஹெட்டையும் நானே வாங்குவதில்லை. அந்த இரண்டுக்கு மட்டும் உங்கள் கட்டுரையாளர் சொன்னது சரி.

இப்படிக்கு,
லேத் பட்டறைக்காரர் ஒருவர்,
அம்பத்தூர், சென்னை.