காயம் கண்ணுக்குத் தெரியலன்னா காயமே இல்லையா?

ஆசிரியருக்கு வணக்கம். போர் நியூஸ் போடும்போதெல்லாம் "உயிர்ச்சேதம் இல்லை"ன்னு ஒரு வரியில முடிச்சிடுறீங்க சார், அதைப் பத்திதான் இந்த லெட்டர்.

2020 ஜனவரி 8-ம் தேதி ஈராக்ல அமெரிக்கப் படை தங்கியிருந்த அல் அசாத் விமானப்படைத் தளத்து மேல ஈரான் ஏவுகணை விட்டப்போ அமெரிக்கா முதல்ல என்ன சொல்லுச்சு, யாருக்கும் ஒண்ணும் ஆகலன்னு. அப்புறம் 11 பேருக்குப் பாதிப்புன்னாங்க, 34ன்னாங்க, 50ன்னாங்க, கடைசில நூத்துக்கும் மேல வந்து நின்னுச்சு. எல்லாமே வெடி அதிர்ச்சியில மூளைக்கு வந்த பாதிப்பு. ட்ரம்ப்போ ஏதோ தலைவலியாம், பெருசா ஒண்ணும் இல்லன்னுட்டாரு.

மூளை மட்டுமில்ல, வெடிச் சத்தம் காதையும் கெடுக்கும். தீபாவளிக்கு அணுகுண்டு பட்டாசு பக்கத்துல வெடிச்சா நமக்கே கொஞ்ச நேரம் காது ஙொய்ங்குது இல்ல, அந்தச் சத்தம் நிக்கவே நிக்காம ராத்திரி பகலா வருஷக்கணக்கா கேட்டா எப்படி இருக்கும்? காதுக்குள்ள இருக்கற நுண்ணிய முடி செல்லு செத்தா திரும்ப முளைக்காது. அமெரிக்காவுல முன்னாள் ராணுவத்தினர் உதவித்தொகை வாங்கற குறைபாடுகள்ல முதலிடமே இந்தக் காது இரைச்சலுக்குத்தான்.

இதுல கொடுமை, தூக்கமின்மை, எரிச்சல், மறதி இதெல்லாம் மூளைக் காயத்துலயும் வரும், போர் அனுபவம் தர்ற மன அழுத்தத்துலயும் வரும், ரெண்டும் சேர்ந்தே இருந்தா எது எதனாலன்னு பிரிச்சுப் பாக்க டாக்டருக்கே கஷ்டம். ஸ்கேன்லயும் பல பேருக்கு ஒண்ணும் தெரியாது, அதனால நடிக்கறான்னு பேர் வேற.

அடுத்த தடவை இந்த மாதிரி நியூஸ் வந்தா ஒரு மாசம் கழிச்சு ஃபாலோஅப் போடுங்க சார்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்