இருபது அடி தள்ளி

ஸ்காபரோ,
நவம்பர் 23

அன்பின் யோகன்,

உன் கடிதம் செவ்வாயன்று கிடைத்தது. சட்பரிக்கு வெளியே வீடு வாங்கிக் குடிபுகுந்துவிட்டாய், அம்மாவுக்குக் கீழேயே அறை ஒழுங்கு செய்துவிட்டாய் என்று வாசித்து மனம் நிறைந்தது. இங்கே சின்னவளுக்குப் பல்கலைக்கழகத்தில் முதல் பருவத் தேர்வு நெருங்குகிறது. சுகந்தியின் முழங்கால் வலி குறைந்திருக்கிறது.

கடிதத்தின் கடைசி வரிதான் என்னை இன்றிரவே எழுத உட்காரவைத்தது. புது ஜெனரேற்றரைப் பனியில் விட மனமில்லை, கராஜில் வைத்துக் கதவைப் பாதி திறந்துவிடலாம் என்று எழுதியிருந்தாய். வேண்டாம், யோகன். முழுக் கதவையும் திறந்துவைத்தாலும் வேண்டாம்.

2013 டிசம்பரில், நத்தாருக்குச் சில நாள் முன்பு, ரொறன்ரோவில் உறைமழை பெய்ததே. மரக்கிளைகள் பனிக்கட்டிப் பாரம் தாங்காமல் முறிந்து கம்பிகளில் விழுந்தன. நகரில் ஏறக்குறைய மூன்று இலட்சம் மின் இணைப்புகள் அறுந்தன. எங்கள் தெரு மூன்று நாள் இருட்டில் கிடந்தது. இரண்டாம் இரவு எதிர்வீட்டுக்காரர் நீ எழுதியதைத்தான் செய்தார். நள்ளிரவில் அவருடைய மகனுக்குத் தலையிடி, வாந்தி. காய்ச்சல் தொடங்குகிறது என்று படுக்கவைத்துவிட்டார்கள். தாய்க்கும் தலைசுற்றிய பிறகுதான் பயந்து எல்லோரும் வெளியே ஓடிவந்தார்கள். தீயணைப்புப் படை வரும்வரை அந்தப் பையன் போர்வையைச் சுற்றிக்கொண்டு எங்கள் காருக்குள் நடுங்கியபடி இருந்தான். பிழைத்துக்கொண்டான்.

பள்ளியில் காபனோரொட்சைட்டு என்று படித்தோமே, இயந்திரப் புகையில் வரும் அந்த வாயுவின் வேலை இது. நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தின் ஹீமோகுளோபினை ஒட்சிசனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுகப் பற்றிக்கொள்ளும். உறங்குகிறவர் விழிக்காமலே போய்விடலாம்.

ஊரில் இயந்திரங்களோடு பழகிய நமக்கு இந்தப் பயம் எளிதில் வராது. 1990க்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் மின்சாரமில்லாத ஆண்டுகளில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டோம். கொஞ்சம் பெற்றோல் விட்டுக் கிளப்பி, மண்ணெண்ணெயில் தண்ணீர் இறைத்தோம். அந்த இயந்திரம் ஓடியது கிணற்றடியில், பனைகளுக்கு நடுவே, திறந்த காற்றில். நம் வீடுகளிலும் நாலாபுறமும் காற்று புகுந்து போகும். இங்கே சூடு வெளியேறாதபடி அடைத்துக் கட்டிய வீடு, உள்ளே வந்த புகையையும் அப்படியே பிடித்துவைத்துக்கொள்ளும். குளிர் ஏற ஏற இயந்திரத்தைக் கிட்ட இழுக்கத்தான் கை போகும்.

வீட்டிலிருந்து இருபது அடியாவது தள்ளி, பனியை வழித்துவிட்டு ஒரு பலகையில் வை. புகைக்குழல் சன்னல், கதவு எதையும் பார்க்கக் கூடாது. பனியும் மழையும் விழாமல் மேலே ஒரு கூரை போடு. பக்கங்களை மூடிவிடாதே. வயர் தடித்ததாக, வெளியில் பாவிக்கக்கூடியதாக இருக்கட்டும். அது நுழையும் சன்னல் இடுக்கைத் துணியால் அடைத்துவிடு.

ஜெனரேற்றர் வயரைச் சுவர் பிளக்கில் நேரே கொடுத்து வீடு முழுவதற்கும் மின்சாரம் எடுக்கலாம் என்று யாராவது சொன்னால் காது கொடுக்காதே. அது மின்மாற்றி வழியாகப் பல ஆயிரம் வோல்ட்டாக ஏறித் தெருக் கம்பிக்குப் போகும். கம்பியைப் பழுதுபார்க்க ஏறியவரின் உயிரை எடுக்கும். உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டு மாற்று ஆளி ஒன்று பொருத்து, அது தெருக் கம்பியிலிருந்து வீட்டைத் துண்டித்து ஜெனரேற்றருக்கு மாற்றிவிடும். செலவுதான், ஆனால் சூடாக்கியின் விசிறியை ஓட்டவும் அதுவே வழி.

குளிரில் எஞ்சின் ஒயில் தடித்துவிடும். கையேடு சொல்லும் குளிர்கால ஒயிலை, பெரும்பாலும் 5டபிள்யூ-30, ஊற்று. எஞ்சினின் மூச்சுக்குழாயில் ஈரம் உறைந்து அடைத்தால் உள்ளே அழுத்தம் ஏறி ஒயில் வெளியே தள்ளும். அதையும் இடையிடையே பார். பெற்றோல் ஊற்றுமுன் நிறுத்தி ஆறவிடு, விரல்கள் விறைத்தாலும் பொறு.

அம்மாவின் அறை வாசலில் காபனோரொட்சைட்டு எச்சரிக்கைக் கருவி இருக்கிறதா? ஒன்ராறியோவில் 2014 ஒக்டோபர் முதல் படுக்கையறைகளுக்கு அருகே அது சட்டப்படி கட்டாயம். 2008இல் வூட்ஸ்டொக்கில் ஒரு வீட்டின் புகைவழி அடைபட்டுப் பெற்றோரும் இரு பிள்ளைகளும் இறந்ததை அடுத்து எழுந்த சட்டம் அது. மின்சாரம் போனாலும் ஒலிக்கும்படி பற்றரி உள்ளதாக வாங்கு.

சனிக்கிழமை காலை இயந்திரத்தை ஒருமுறை ஓட்டிப் பார். அப்போது என்னைத் தொலைபேசியில் கூப்பிடு, சத்தத்தைக் கேட்கிறேன். அம்மாவிடமும் இரண்டு வார்த்தை பேசவேண்டும்.

அன்புடன்,
சிவா